கார்பைடு மாற்றியும் ஸ்னோமொபைல் திரும்ப மறுக்கிறதா?

முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகளும் (ஸ்கீ) பின்னால் சுழலும் பட்டையும் (ட்ராக்) கொண்ட பனி வண்டிதான் ஸ்னோமொபைல். வளைவில் ஹேண்டில்பாரைத் திருப்பியும் அது நேராகவே போகிறது என்றால், பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: ஸ்கீக்கு அடியில் மாட்டும் கார்பைடு கம்பிகளில், கடையில் இருப்பதிலேயே நீளமான, கூரான ஜோடியை வாங்கி மாட்டிவிடுவார்கள். சில சமயம் அது பலிக்கும். பல சமயம் ஒரு தொல்லை போய் இன்னொன்று வரும். வளைவில் வண்டி திரும்பும், நேர்ப்பாதையிலோ ஹேண்டில்பார் கையை இழுத்துக்கொண்டே இருக்கும், அரை மணி நேரத்தில் தோள் வலிக்கும்.

ஸ்கீயின் அடியில் நடுவாக ஓடுகிற இரும்புக் கம்பியில் ஒரு பகுதிக்கு மட்டும் டங்ஸ்டன் கார்பைடு துண்டுகளைப் பதித்திருப்பார்கள். இறுகிய பனியையும் ஐஸையும் கீறிப் பிடிப்பது அந்த விளிம்புதான். 4, 6, 8, 10 அங்குலம் என்று விற்பது இந்தக் கார்பைடு பகுதியின் அளவு. கம்பி எவ்வளவு நீளம் என்பது வேறு கணக்கு, அது ஸ்கீயின் மாடலைப் பொறுத்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆர்டர் போடுபவர்கள் நிறைய.

எந்த நீளம் வேண்டும் என்று முடிவு செய்ய முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, பின்னால் ட்ராக்கையும் பார்க்க வேண்டும். ட்ராக்கில் ஸ்டட் (ஐஸைக் குத்திப் பிடிக்கும் உலோக முனைகள்) அடித்திருந்தால் பின்பக்கப் பிடிப்பு கூடி, வளைவில் அது முன்பக்கத்தை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலுக்கு ஈடு கொடுக்கும் அளவுக்குத்தான் கார்பைடு தேவை. ஸ்டட் இல்லாத வண்டிக்குப் பொதுவாக 4 அங்குலம் போதும், நூறை ஒட்டி ஸ்டட் இருந்தால் 6, அதற்கு மேல் போகப் போக 8 அல்லது 10 என்பது ஓட்டுபவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஸ்டட்டே இல்லாத வண்டியில் 10 அங்குலத்தை மாட்டினால், முன்பக்கம் கவ்விக்கொள்ள, பின்பக்கம் வழுக்கி வெளியே சுழலும். இது வளைவில் நேராகப் போவதைவிட மோசம்.

அடுத்தது டார்ட்டிங். முன்னே போன வண்டிகளின் கார்பைடு கீறி வைத்த பள்ளங்களுக்குள் நம் ஸ்கீ விழுந்து, தண்டவாளத்தில் மாட்டிய சைக்கிள் சக்கரம் மாதிரி அதன் போக்கிலேயே போகும். இதற்கு இன்னும் கூரான கார்பைடு வாங்குவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். ஒரே கம்பிக்குப் பதில் இரண்டு விளிம்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரட்டை ரன்னர்கள் இங்கே நன்றாகவே உதவும், ஏனென்றால் ஒரு விளிம்பு பள்ளத்தில் இறங்கப் பார்த்தாலும் இன்னொன்று மேட்டில் நிற்கும். சில வண்டிகளில் ஹேண்டில்பார் கொஞ்சம் கனக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

ஆனால் பணம் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஸ்கீயின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். பால் ஜாயிண்ட் (குண்டு மூட்டு), டை ராட் (ஹேண்டில்பாரின் திருப்பலை ஸ்கீக்குக் கொண்டுபோகும் தண்டு) முனை, ஸ்கீ போல்ட்டின் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள உறை) இவற்றில் எங்காவது ஆட்டம் இருந்தால், எந்தக் கார்பைடும் அதைச் சரிசெய்யாது. தேய்ந்த புஷ்ஷோடு ஓடும் வண்டிக்குப் புதுக் கார்பைடு போட்டால் அலைச்சல் கூடத்தான் செய்யும்.

சரி, ஆட்டம் எதுவும் இல்லை. அப்புறம் அலைன்மென்ட், அதாவது இரண்டு ஸ்கீயும் எந்தத் திசை பார்த்து நிற்கின்றன என்பது. என் கணக்கில் மிக அதிகமாக அலட்சியம் செய்யப்படுவது இதுதான். ஹேண்டில்பாரை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள். நீளமான நேர்ச்சட்டம் ஒன்றை ட்ராக்கின் பக்கவாட்டில் ஒட்டிவைத்து, ஸ்கீயைத் தாண்டி முன்னால் நீளும்படி விடுங்கள். இரண்டு ஸ்கீ நுனிகளையும் ஒரு ரப்பர் கயிற்றால் உள்பக்கமாக இழுத்துக் கட்டினால் இணைப்புகளில் இருக்கும் சிறு தளர்வு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். இப்போது சட்டத்திலிருந்து கார்பைடு கம்பி வரை, முன்னால் ஓரிடத்திலும் பின்னால் ஓரிடத்திலும் அளக்கவும். ஸ்கீயின் ஓரத்தை அளக்காதீர்கள், பிளாஸ்டிக் ஓரம் கொஞ்சம் வளைந்திருந்தாலும் கணக்கு கெட்டுவிடும். இரண்டு ஸ்கீயும் சேர்த்து முன்பக்கம் 1/8 முதல் 1/4 அங்குலம் வரை வெளிநோக்கி விரிந்திருப்பது வழக்கமான அளவு. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. நுனிகள் உள்நோக்கி இருந்தால் வண்டி அங்குமிங்கும் அலையும், புதுக் கார்பைடின் விளிம்பும் சீக்கிரம் தேயும். டை ராட்டைத் திருகி அளவு பிடித்ததும் அதன் லாக் நட்டை இறுக்க மறக்கக் கூடாது. அது தளர்ந்தால் இவ்வளவு நேரம் அளந்ததெல்லாம் வீண்.

ஸ்கீக்கும் அதைத் தாங்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் கட்டையை யாரும் கண்டுகொள்வதில்லை. அது நைந்துபோனால் பாரம் கார்பைடின் முன்முனையில் விழுந்து, ஸ்கீ எதையும் தொட்டவுடன் திரும்பத் துடிக்கும். இதைப் பார்க்க எளிய வழி: சமதரையில் இரண்டு ஸ்கீக்கும் கீழே அட்டை வைத்து, ஒருவர் வண்டியில் உட்கார்ந்துகொள்ளட்டும். பிறகு வண்டியைத் தூக்கி, அட்டையில் எங்கே அழுத்தம் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். முன்னால் மட்டும் ஆழமாக இருந்தால், ரப்பரின் பின்பக்கத்தின் கீழே மெல்லிய தகடு ஒன்றைச் செருகினால் நுனி சற்று உயர்ந்து, பாரம் நடுவுக்கும் பின்னுக்கும் வரும். ரப்பரே கிழிந்திருந்தால் தகடெல்லாம் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

முன்பக்கத்தில் பாரமே குறைவாக இருப்பதும் உண்டு. பின் சஸ்பென்ஷனின் லிமிட்டர் ஸ்ட்ராப்பை (அதன் முன்பகுதி விரியும் அளவைக் கட்டுப்படுத்தும் பட்டை) ஒரு துளை இறுக்கினால் ஸ்கீ மேல் பாரம் கூடும், பல வண்டிகளில் வளைவுப் பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடும். செலவும் இல்லை. ஒரே நாளில் நாலைந்து மாற்றங்கள் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து ஓட்டிப் பாருங்கள், இல்லையென்றால் எது உதவியது என்றே தெரியாது.

கார்பைடு தேய்ந்துவிட்டதா என்று பார்க்க நகம் போதும். விளிம்பில் குறுக்காக இழுத்தால் நகம் சீவ வேண்டும், வழுவழுப்பாகப் போனால் காலம் முடிந்தது. ஒரு துண்டு உடைந்திருந்தாலும் இரண்டு ஸ்கீயிலும் சேர்த்தே மாற்றுங்கள். சாதாரண கிரைண்டரில் தீட்டுவது வீண் வேலை. கார்பைடு கடினமானது, ஆனால் அடிபட்டால் உடையும், அதிகச் சூடு பட்டால் பற்றவைப்பும் விட்டுப்போகும். அதனால் தார்ச்சாலையைக் கடக்கும்போது மெதுவாக, நேராகப் போங்கள், சாலை மேலே திருப்ப வேண்டாம்.

மாட்டும்போது ஸ்கீயின் பள்ளத்தில் உள்ள மண்ணையும் ஐஸையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். கம்பி வளைந்து விறைப்பாக இருக்கும், கழற்றும்போது துள்ளி முகத்துக்கு வரலாம், கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். நட்டுகளை மிதமிஞ்சி இறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்கும். பழைய லாக் நட்டைத் திரும்பப் போடாமல் புதிதே போட்டு, முதல் ஓட்டம் முடிந்ததும் ஸ்பேனரை ஒருமுறை வைத்துப் பாருங்கள். அநேகமாக ஒன்றிரண்டாவது கால் சுற்று நகரும்.