உங்கள் ஊர் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் வருகிறதா? நீங்களே பார்ப்பது எப்படி

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி பக்கம் அம்மா பெயரில் ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற புதிய திட்டங்கள் விளைநிலப் பகுதிக்குள் வராமல் தடுக்க, தமிழ்நாட்டில் 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்துக்குள் அது வருகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு பகல் முழுக்கப் போயிற்று. உங்களுக்குக் கால் மணி நேரம் போதும்.

படி 1: சட்டத்தின் பிடிஎஃப் பிரதியை இறக்கி, நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். முதல் அட்டவணையில் பகுதிகள், இரண்டாவதில் தடை செய்த தொழில்கள்.

படி 2: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்றால் மாவட்டம் முழுக்க உள்ளே. பழைய பிரதியில் மயிலாடுதுறையைக் காணோமே என்று பதற வேண்டாம். அது தனி மாவட்டமானது 2020 டிசம்பரில், சட்டம் வந்த பிறகு. அதற்கு முன் நாகையில் அடக்கம்.

படி 3: கடலூர், புதுக்கோட்டைக்காரர்கள் இங்கேதான் நிதானிக்க வேண்டும். பட்டாவில் "வட்டம்: ஆலங்குடி" என்று இருந்தது. அட்டவணையில் ஆலங்குடியே இல்லை. நிலம் வெளியே என்று முடிவு கட்டிவிட்டேன். தவறு. சட்டம் இந்த இரு மாவட்டங்களிலும் சொல்வது வட்டத்தை அல்ல, ஊராட்சி ஒன்றியத்தை. எங்கள் ஊர் திருவரங்குளம் ஒன்றியம். 2017-இல் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்ற நெடுவாசலும் அப்படியே: ஆலங்குடி வட்டம், திருவரங்குளம் ஒன்றியம்.

உள்ளே வரும் ஒன்றியங்கள்: காட்டுமன்னார்கோயில், கீரப்பாளையம், குமராட்சி, மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி.

ஒன்றியத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள இணையத்தில் அலையாதீர்கள். நூறு நாள் வேலை அட்டையை எடுத்துப் பாருங்கள், அதிலேயே இருக்கும்.

படி 4: உங்களை அச்சுறுத்தும் தொழில் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறதா? எண்ணெய், எரிவாயு எடுப்பது, மீத்தேன், செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை எல்லாம் உண்டு. வீட்டுமனை போடுவது இல்லை. வயலை மனையாக்குவதைத் தடுக்க இந்தச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

படி 5: தடை செய்த தொழில் உங்கள் ஊருக்கு வருகிறதென்றால் மனு கொடுக்கலாம். மனுவில் சர்வே எண், ஊராட்சி, ஒன்றியம், எந்த அட்டவணை என்று எழுதி, ஆட்சியர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

பிற்சேர்க்கை: ஊரில் ஏற்கனவே ஓடும் எண்ணெய்க் கிணற்றை மூடச் சொல்லலாமா என்று திருவாரூர் நண்பர் கேட்டிருந்தார். இந்தச் சட்டத்தின்படி முடியாது. தடை புதிய திட்டங்களுக்குத்தான். சட்டம் வருமுன் நடந்துகொண்டிருந்தவற்றை 4-ஆம் பிரிவு விட்டுவிடுகிறது. ஆனால் பக்கத்து வயலில் புதுக் கிணறு தோண்ட வந்தால், அன்றே மனு எழுதுங்கள்.