வாசா போர்க்கப்பலின் மாதிரி: வரலாற்றுக்கு உண்மையாகக் கட்டுவதற்கான செய்முறை

பதினேழாம் நூற்றாண்டின் பாய்மரப் போர்க்கப்பல்களுள் பெரும்பாலானவற்றுக்கு இன்று சான்றாகக் கிடைப்பவை சில ஓவியங்களும், பொருட்பட்டியல்களும், அக்காலத் தச்சர்கள் பின்பற்றிய அளவு விகிதங்களும்தாம். அவற்றைக் கொண்டு மாதிரி கட்டுபவர் பாதி இடங்களில் ஊகத்தை நம்பியே கை வைக்க வேண்டியிருக்கும். முதன்முதலாகக் கட்டுபவருக்கு அந்தச் சுமை வேண்டாம் என்பது என் கருத்து. ஆகவே, கப்பலே முழுதாக இன்றும் நிற்கின்ற ஒன்றை இந்தச் செய்முறைக்கு எடுத்துக்கொள்கிறேன்: சுவீடனின் ‘வாசா’.

மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃபுக்காக ஸ்டாக்ஹோமில் கட்டப்பட்ட இக்கப்பல், 1628 ஆகஸ்ட் 10 அன்று தன் முதற்பயணத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் தொலைவு சென்றதும் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த கீழ்த்தளப் பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால், மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு அங்கே பிழைப்பதில்லை. அதனால்தான் 1961 ஏப்ரல் 24 அன்று நீருக்கு மேலே வந்தபோது, கருவாலி (ஓக்) மரத்தாலான உடற்பகுதி ஏறக்குறைய முழுமையாக இருந்தது. 1990 முதல் அதற்கெனக் கட்டப்பட்ட அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. ‘இது எப்படி இருந்திருக்கும்?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலான இடங்களில் அந்த மரமே விடை சொல்லிவிடும்.

முதற்படி: எந்த நாளின் கப்பல்?

கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாசாவுக்கு இரண்டு நிலைகள் பொருந்தும். ஒன்று, அது மூழ்கிய நாளின் நிலை. அன்று பத்துப் பாய்களில் நான்கு மட்டுமே விரிக்கப்பட்டிருந்தன. முன்மரத்தின் (முன் பாய்மரத்தின்) பெரும்பாய், முன்மரத்தின் மேற்பாய், நடுமரத்தின் மேற்பாய், பின்மரத்தின் முக்கோணப்பாய் ஆகியவை அந்த நான்கு. மற்ற ஆறும் பாய் அறையிலேயே மடித்துக் கிடந்தன; அகழ்வாளர்களுக்குக் கிடைத்தவை அந்த ஆறுதான். மரியாதை வேட்டு முழங்குவதற்காகப் பீரங்கிச் சாளரங்கள் திறந்திருந்தன. இன்னொன்று, பத்துப் பாய்களும் விரித்து அது ஓடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்னும் கருத்து நிலை. நான் முதலாவதையே பரிந்துரைப்பேன். பாய்கள் குறைவு என்பதால் வேலையும் குறையும். கட்டி முடிக்கும் மாதிரியும் உண்மையில் நடந்த ஒரு பொழுதைக் காட்டும்.

அருங்காட்சியகத்தில் எடுத்த ஒளிப்படங்களைப் பார்த்துக் கட்டுவோர் ஓரிடத்தில் ஏமாறுவதுண்டு. அங்கே கப்பல், குளிர்காலத்தில் மேல்மரங்களை இறக்கி வைத்த நிலையில் காட்டப்பட்டுள்ளது. அதன் முழு உயரத்தை, கட்டடத்தின் கூரைக்கு மேலே நிறுத்தியிருக்கும் கம்பங்கள்தாம் காட்டுகின்றன.

இரண்டாம் படி: அளவு விகிதமும் கணக்கும்

தொடக்கநிலைக்கு 1:75 பொருத்தமானது. முன்புறம் நீளும் சாய்மரம் உட்பட வாசாவின் நீளம் 69 மீட்டர், அகலம் 11.7 மீட்டர்; அடிமரத்திலிருந்து நடுமரத்தின் உச்சிவரை உயரம் 52.5 மீட்டர். 75ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் 92 சென்டிமீட்டர், அகலம் 15.6 சென்டிமீட்டர், உயரம் 70 சென்டிமீட்டர் என வரும். இதை வீட்டில் எங்கே வைப்பது என்பதை இப்போதே அளந்து பார்த்துவிடுவது நல்லது. 1:150இல் கட்டினால் இடம் மிச்சமாகும், ஆனால் கயிறுகளும் சிற்பங்களும் கைக்கு அடங்காத நுண்மையை அடைந்துவிடும்.

எதை ஒட்டும்போதும் ஒரு மனித உருவை அருகே வைத்து ஒப்பிடுங்கள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள மாலுமி இந்த விகிதத்தில் 2.2 சென்டிமீட்டர் இருப்பார். அவர் இடுப்பு அளவுக்கு ஒரு விளக்கோ, தோளளவுக்கு ஒரு கைப்பிடிச் சுவரோ இருந்தால் அது இயல்பா என்று கண்ணே சொல்லிவிடும். ஆயத்தப் பெட்டிகளில், அதாவது கிட்களில் வரும் பித்தளை உதிரிகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்.

மூன்றாம் படி: கிட்டைச் சான்றோடு ஒப்பிடுதல்

தொடக்கநிலையில் கிட் வாங்குவதில் குறையொன்றும் இல்லை. அதை அப்படியே நம்புவதுதான் குறை. பெட்டியைத் திறந்ததும் காலப்பிழைகளைத் தேட வேண்டும். திசைதிருப்பும் சக்கரம் இருந்தால் அதை எடுத்து எறியலாம். சக்கரம் கப்பல்களுக்கு வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1628இல் சுக்கானின் கட்டையோடு இணைந்து, தளத்தின் வழியே மேலெழும் நெடுங்கோல் ஒன்றை இருபுறமும் தள்ளித்தான் திசை மாற்றினார்கள். அடிப்பகுதியில் ஒட்டச் செப்புத் தகடு கொடுத்திருந்தால் அதுவும் வேண்டாம். போர்க்கப்பல்களுக்குச் செப்புத் தகடு போடும் பழக்கம் ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குப் பிந்தியது. சாய்மரத்திலிருந்து முன்மரத்துக்கு ஏறும் முக்கோண ஜிப் பாய்களும் இக்கப்பலுக்கு உரியவை அல்ல. அவற்றுக்குப் பதில், சாய்மரத்தின் கீழே ஒரு சதுரப்பாயும், அதன் நுனியில் செங்குத்தாக நிற்கும் சிறுமரத்தில் இன்னொரு சதுரப்பாயும் உண்டு. பாய்மரக் கயிறுகளை இறுக்கும், மூன்று துளைகள் கொண்ட கட்டைகள் கிட்டில் முழு வட்டமாக இருக்கும். வாசாவில் அவை பேரிக்காய் வடிவிலானவை. அரம் கொண்டு தேய்த்தால் அவ்வடிவம் வந்துவிடும்.

நான்காம் படி: எலும்புக்கூடு

அடிமரத்தை, நம் கடலோரத்தார் ஏரா என்று சொல்வதை, 5 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டி, அதன் மேல் குறுக்குச் சட்டங்களைச் செங்குத்தாகப் பொருத்துவது எளிய முறை. உண்மையான வாசா இப்படிக் கட்டப்படவில்லை. தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹிபெர்ட்சன் ஒல்லாந்தர். அவர் ஊர் முறைப்படி அடிப்பலகைகளை முதலில் சேர்த்து, அதன் பின்பே உள்விலா வளைவுகளைப் பொருத்தினார்கள். வரைபடம் என்று ஒன்று இருக்கவில்லை. 1627இல் அவர் இறந்த பின் ஹெய்ன் யாகொப்சன் பணியை ஏற்றார். அடிப்பகுதி தட்டையாகவும், பக்கவாட்டில் திடீரென மேலே திரும்புவதாகவும் இருப்பது அந்த ஒல்லாந்து முறையின் அடையாளம். கிட்டின் சட்டங்கள் கிண்ணம்போல் உருண்டிருந்தால், அடிப்பகுதியில் மெல்லிய மரத்துண்டு ஒட்டிச் சீர்செய்யலாம்.

சட்டங்களை ஒட்டியதும் நீண்ட மரச்சலாகை ஒன்றை அணியத்திலிருந்து, அதாவது கப்பலின் முன்முனையிலிருந்து, பின்புறம்வரை வளைத்துப் பாருங்கள். அது ஒவ்வொரு சட்டத்தையும் முழுமையாகத் தொட வேண்டும். மேடாக இருப்பதைத் தேய்க்கவும், பள்ளத்தில் துண்டு ஒட்டவும். இந்த இடத்தில் ஒரு வாரம் செலவானாலும் வீண் அன்று.

வலப்பக்கமும் இடப்பக்கமும் அரை மில்லிமீட்டர் வேறுபட்டால் மனம் உடைய வேண்டாம். உண்மைக் கப்பலே இருபுறமும் ஒத்திருக்கவில்லை. அகழ்வில் நான்கு அளவுகோல்கள் கிடைத்தன: இரண்டு, 12 அங்குலம் கொண்ட சுவீடன் அடியில், இரண்டு, 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடியில். ஒரே தளத்தில் இருவகைக் கோல்களோடு தச்சர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: பலகை பொருத்துதல்

தொடக்கநிலையாளர் பலரும் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். பலகை இரண்டு அடுக்காக வரும். முதல் அடுக்கு 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள லைம் (லிண்டன்) மரம். அதன் பிழைகளை இரண்டாம் அடுக்கு மறைத்துவிடும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் மெல்லிய அடுக்கு. கப்பல் கருவாலி மரத்தாலானது என்பதற்காக மாதிரிக்கும் அதையே தேட வேண்டாம். அம்மரத்தின் துளைகளும் இழைகளும் இந்த விகிதத்தில் பள்ளத்தாக்குகளாகத் தெரியும். இழை நெருங்கிய பேரி மரமோ வால்நட்டோ சாயமேற்றப்பட்டால் உண்மைக்கு நெருங்கி நிற்கும்.

முதற்பலகையைத் தளத்தின் விளிம்பை ஒட்டி இருபுறமும் பொருத்துங்கள். அதன் பின் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என மாறி மாறியே போக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால், காயும் பசையின் இழுவிசையில் அடிமரமே முறுக்கிக்கொள்ளும். என் முதல் மாதிரி அப்படித்தான் வாழைப்பழம்போல் வளைந்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

கப்பலின் நடுவில் சுற்றளவு பெரிது, அணியத்தில் சிறிது. பலகைகளின் எண்ணிக்கையோ இரண்டு இடத்திலும் ஒன்றே. எனவே ஒவ்வொரு சட்டத்திலும் மீதமுள்ள சுற்றளவை ஒரு தாள் நாடாவால் அளந்து, எஞ்சிய பலகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அவ்விடத்தில் ஒரு பலகைக்கு வர வேண்டிய அகலம் கிடைக்கும். அந்த அளவுகளைப் பலகையில் குறித்து, இரும்பு அளவுகோலை வைத்துச் சீவுங்கள். அணியத்தில் அகலம் பாதிக்கும் கீழே குறைந்தால், இரண்டு பலகைகளை ஒன்றாக முடித்துவிடுவதே தச்சர் முறை. பின்புறத்தில் மாறாக இடைவெளி விரியும். அங்கே ஆப்பு வடிவத் துண்டைச் செருக வேண்டும்.

வளைப்பதற்குப் பலகையை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, கப்பலின் மேலேயே கிளிப் போட்டு வளைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டக் கூடாது. காயும்போது பலகை சுருங்கி இடைவெளி விழும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் மரம் ஈரம் உறிஞ்சி உப்புவதால், நான் அம்மாதங்களில் பலகை வேலையையே வைத்துக்கொள்வதில்லை. ஒட்டுவதற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும்.

வாசாவுக்கே உரிய இரண்டு அமைப்புகளை மறக்க வேண்டாம். நீர்மட்டத்துக்குக் கீழே, பின்முகம் உருண்டு முடியாமல் தட்டையான சுவராக முடியும். பின்கோபுரத்தின் மேற்பகுதியிலும் பக்க மாடங்களிலும் பலகைகள் விளிம்போடு விளிம்பு சேராமல், ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்.

பலகைகளைப் பிணைத்த மர ஆணிகளைக் காட்ட வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். மூன்று, நான்கு சென்டிமீட்டர் தடிப்பான ஆணி இங்கே அரை மில்லிமீட்டர் புள்ளிதான். கறுத்த புள்ளிகளை வரிசையாகக் குத்தினால் கப்பலுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடும், விட்டுவிடுவதே நல்லது.

ஆறாம் படி: பீரங்கிகள்

சாளரங்களின் வரிசை தளத்தின் கோட்டைப் பின்பற்ற வேண்டும். வெளிப்புறத்துத் தடித்த பட்டைகள் இருமுனைகளிலும் அதைவிடக் கூடுதலாக மேலேறும். ஆகவே இக்காலக் கப்பல்களில் சாளரம் பட்டையை அறுத்துக்கொண்டு போவது இயல்பு. கப்பலில் இருந்த 64 பீரங்கிகளில் நாற்பத்தெட்டு, 24 பவுண்டு குண்டு எறியும் வெண்கலப் பீரங்கிகள். எனவே குழல்களுக்குக் கறுப்பு வண்ணம் பூச வேண்டாம். மங்கிய வெண்கல நிறமே சரி. சாளர மூடிகளின் உட்புறம் சிவப்பு, அதன் நடுவே பொன்னிறச் சிங்கமுகம்.

ஏழாம் படி: சிற்பங்களும் வண்ணமும்

வாசாவில் சிற்பங்களும் அலங்காரங்களுமாக ஏறத்தாழ 700 உருப்படிகள் உண்டு. அணியத்தில் பாய்ந்தெழும் சிங்கம், அதன் பின்னே இருபுறமும் பத்துப் பத்தாக 20 ரோமப் பேரரசர்கள், பின்முகத்தில் இரு சிங்கங்கள் தாங்கும் அரசுச் சின்னம். உண்மையான அணியச் சிங்கம் 3 மீட்டருக்கு மேல் நீளம். மாதிரியில் 4 சென்டிமீட்டர். கிட்டின் வார்ப்புருக்கள் மொழுமொழுவென்று இருந்தால், எம்-சீல் போன்ற கலவையை மெல்லிய கம்பியின் மேல் அப்பி, அது இறுகும் முன் ஊசியால் செதுக்கலாம். 700ஐயும் செய்ய முயல வேண்டாம். சிங்கம், பேரரசர் வரிசை, பின்முகச் சின்னம் ஆகிய மூன்றிலும் உழைப்பைக் கொட்டுங்கள். மற்றவை வண்ணத்தாலேயே உருக்கொள்ளும்.

வண்ணத்தில்தான் பழைய மாதிரிகள் பெரும்பிழை செய்தன. கப்பல் எடுக்கப்பட்ட தொடக்க ஆண்டுகளில், பின்புலம் நீலம், சிற்பங்கள் எல்லாம் பொன் என்று கருதினார்கள். பழைய கிட் பெட்டிகளின் மேலட்டைப் படங்களில் இன்றும் அந்த நீலம் தெரியும். பின்னாளில் சிற்பங்களின் இடுக்குகளில் ஒட்டியிருந்த வண்ணத் துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, பின்புலம் சிவப்பு என்றும், உருவங்கள் தோல் நிறம், பச்சை, மஞ்சள், நீலம் எனப் பலவண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன என்றும் தெரிந்தது. நம் கோயில் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வியப்பாக இராது. பளபளக்கும் வண்ணம் தவிர்த்து மங்கலானதைப் பயன்படுத்துங்கள். சிவப்பைச் சற்றுப் பழுப்பு கலந்து இறக்கிவிடுங்கள். இவ்வளவு சிறிய உருவில் முழுச் சிவப்பு பொம்மைத்தனமாகத் தோன்றும். உடலின் எஞ்சிய பகுதி தார் பூசிய மரத்தின் பழுப்பு.

எட்டாம் படி: மரங்களும் கயிறுகளும்

பாய்மரத்துக்கு நேரிழை கொண்ட சதுரக் குச்சியை எடுத்து, எண்கோணமாகவும் பிறகு பதினாறு முகமாகவும் சீவி, கடைசியில் உப்புத்தாளால் உருட்ட வேண்டும். கடையில் கிடைக்கும் உருண்டைக் குச்சியை அப்படியே நிறுத்தினால் மேலே ஒடுங்காமல் விறகுக் கட்டைபோல் நிற்கும்.

கயிறுகளில் தொடக்கநிலையாளர் விழும் குழி ஒன்று உண்டு. அக்காலத்தில் கயிற்றின் அளவைச் சுற்றளவாகச் சொன்னார்கள், விட்டமாக அன்று. 9 அங்குலக் கயிறு என்று கண்டால் 3.14ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் வரும். 75ஆல் வகுத்தால் 1 மில்லிமீட்டர் நூல். இதை அறியாதவர் 3 மில்லிமீட்டர் வடத்தைக் கட்டிவிடுவார். மரங்களைத் தாங்கும் அசையாக் கயிறுகள் தார் ஏறிய கரும்பழுப்பு; பாய்களை இயக்கும் கயிறுகள் சணலின் வெளிர்நிறம். எல்லா நூலையும் தேன்மெழுகில் இழுத்து எடுத்தால் பிசிறு அடங்கும்.

முதலில் பக்கத் தாங்குகயிறுகள், பிறகு முன்னிழுக்கும் வடங்கள், அதன் பின் ஏணிப்படிக் கயிறுகள் என்பது வரிசை. படிக்குப் படி 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கோடிட்ட அட்டையைப் பின்னால் வைத்துக் கட்டினால் தவறாது. இழுத்துக் கட்டாதீர்கள்; ஒரு பக்கம் இறுகினால் மரம் சாய்ந்துவிடும்.

பாய்களுக்கு நெருங்கிய இழையுள்ள மெல்லிய பருத்தித் துணி போதும்; வெண்மை தெரியாதபடி தேநீரில் நனைத்து உலர்த்தவும். பின்னாளையப் பாய்களில் பரப்பைக் குறைக்கத் தொங்கும் குறுங்கயிற்று வரிசைகளை இங்கே தைக்கக் கூடாது. 1628இல் பெரும்பாயின் அடியில் தனித்துணி ஒன்றைக் கோத்துக் கட்டுவார்கள். காற்று கூடினால் அதை அவிழ்த்துவிடுவார்கள். நான்கு பாய்களை மட்டும் விரித்திருக்கும் உங்கள் மாதிரியில், மற்றக் குறுக்குக்கழிகளை வெறுமையாக விட்டுவிட்டு, விரித்த பாய்களை மட்டும் இலேசாக உப்பியிருக்குமாறு நீர் கலந்த பசை தடவி நிறுத்துங்கள். பீரங்கிச் சாளரங்கள் எல்லாம் திறந்தே இருக்கட்டும்.