கலிஃபோர்னியா நகரங்களில் மக்கள் மனு: எத்தனை கையெழுத்து, எப்படி வாங்குவது

முதலில் உங்கள் நகரம் எந்த வகை என்று பாருங்கள். ஃப்ரீமான்ட், கூப்பர்டினோ, மில்பிட்டாஸ் போன்ற பொதுச் சட்ட நகரங்களுக்கு மாநிலத் தேர்தல் சட்டம்தான் விதி. இங்கே சொல்வது அவற்றுக்கு. சான் ஹோசே, சன்னிவேல், சான் பிரான்சிஸ்கோ போன்றவற்றுக்குத் தனி சாசனம் (நகரமே வகுத்துக்கொண்ட அடிப்படை விதி) உண்டு, எண்ணிக்கையும் கெடுவும் மாறலாம். அங்கே இருப்பவர்கள் சிட்டி கிளார்க்கிடம் (நகரத் தேர்தல் வேலையைப் பார்க்கும் அலுவலர்) கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

புதிய நகரச் சட்டம் கேட்கும் மனுவுக்கு, பதிவான வாக்காளர்களில் 10% பேர் கையெழுத்து வேண்டும். மக்கள்தொகையில் 10% அல்ல, போன தேர்தலில் வாக்களித்தவர்களிலும் அல்ல. கவுன்சில் நிறைவேற்றிய சட்டத்தைத் தடுக்கும் மனுவுக்கும் அதே 10%தான், ஆனால் கெடு 30 நாள். அது வேறு ஓட்டம். இங்கே முதல் வகை மட்டும்.

1. அறிவிப்பு

மனு கொண்டுவரப் போவதாகச் சொல்லும் அறிவிப்பில் முன்மொழிபவர்கள் ஒருவர் முதல் மூவர் வரை கையெழுத்திட்டு, சட்டத்தின் முழு வாசகத்தோடு கிளார்க்கிடம் கொடுக்க வேண்டும். காரணம் எழுத விரும்பினால் 500 சொல்லுக்குள். கட்டணம் 200 டாலரைத் தாண்டாது. நகர வழக்கறிஞர் 15 நாளுக்குள் தலைப்பும் சுருக்கமும் எழுதித் தருவார். அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து, கையெழுத்து வாங்கி மனுவைத் தாக்கல் செய்வதற்கான 180 நாள் ஓடத் தொடங்கும். ஆனால் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியாகும்வரை ஒரு கையெழுத்தும் வாங்கக் கூடாது. அதனால் பத்திரிகையில் இடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். வெளியான 10 நாளுக்குள் அதன் அத்தாட்சி கிளார்க்கிடம் போக வேண்டும்.

2. அச்சு

ஒவ்வொரு பிரதியிலும் அறிவிப்பு, தலைப்பு, சுருக்கம், சட்டத்தின் முழு வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். கையெழுத்துப் பக்கம் ஒவ்வொன்றின் தலையிலும் தலைப்பும் சுருக்கமும். காகிதம் மிச்சம் பிடிக்க வாசகத்தை வெட்டாதீர்கள். முழு வாசகம் இல்லை என்பதற்காகவே 1998-ல் ஹேவர்ட் நகர மனு ஒன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விழுந்தது. லீகல் சைஸ் தாள், வரிகளுக்கு நடுவே தாராள இடம், கறுப்பு பால்பாயின்ட் பேனா: என் தேர்வு இதுதான். ஜெல் பேனா இழுகும்.

3. வாங்கும் முறை

பெரும்பாலான கையெழுத்துகள் விழுவது இங்கேதான். பெயரை அச்செழுத்தில், கையெழுத்து, வசிக்கும் முகவரி, மூன்றையும் கையெழுத்திடுபவரே எழுத வேண்டும். கணவருக்காக மனைவி எழுதக் கூடாது. எழுத இயலாதவர்களுக்கு மட்டும் விலக்கு. தபால் பெட்டி எண் செல்லாது. முகவரி, வாக்காளர் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். வாடகை வீடு மாறி, பதிவை மாற்றாதவர்கள்தான் அதிகம் அடிபடுவார்கள். ஆகவே "போன வருஷத்துக்குப் பிறகு வீடு மாறினீங்களா?" என்று கேட்டுவிட்டே பேனாவை நீட்டுங்கள். மாறியிருந்தால் அன்றே, கையெழுத்துக்கு முன்பே, பதிவுப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். மனு தாக்கலாகும் நாளுக்குள் அது கவுன்ட்டி அலுவலகம் சேர்ந்துவிட்டால் கையெழுத்து செல்லும்.

பிரதியின் கடைசியில், வாங்கியவர் தன் கையால் பெயர், முகவரி, முதல் கையெழுத்து முதல் கடைசி வரையிலான தேதிகளை எழுதி உறுதிமொழி தர வேண்டும். எல்லாம் முடிந்தபின் எழுதுங்கள். முன்தேதி போட்டு வைத்தால் அதற்குப் பிறகு வந்தவை கேள்விக்குள்ளாகும். ஒவ்வொரு கையெழுத்தையும் நேரில் பார்த்ததாகச் சொல்கிறீர்கள் என்பதால், கிளிப்போர்டைக் கடை கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் வேண்டாம்.

4. கணக்கு

நீங்கள் கொடுத்த கையெழுத்துகள் 500-க்கு மேல் இருந்தால், தேர்தல் அலுவலகம் அத்தனையையும் பார்க்காமல் மாதிரி எடுத்தே சோதிக்கலாம்: 500 அல்லது 3%, எது அதிகமோ அது. மதிப்பீடு தேவையானதில் 95%-க்குக் கீழே போனால் தோல்வி. 110%-ஐத் தாண்டினால் வெற்றி. நடுவே நின்றால் முழுதும் எண்ணுவார்கள்.

ஆளைக் கவிழ்ப்பது இரட்டைக் கையெழுத்து, அதாவது ஒருவரே இரண்டு முறை போடுவது. 80,000 வாக்காளர் உள்ள நகரம், தேவை 8,000, நீங்கள் தருவது 10,000 என்று வையுங்கள். மாதிரி 500, அதில் ஒவ்வொன்றும் 20-க்குச் சமம். 450 செல்லுபடியானால் மதிப்பு 9,000. 110% என்பது 8,800, தாண்டியாயிற்று. ஆனால் மாதிரியில் ஓர் இரட்டை அகப்பட்டால் 20×19, அதாவது 380 கழியும். மாதிரியில் ஒரு ஜோடி அகப்பட்டால் வெளியே இன்னும் பல இருக்கும் என்பது கணக்கு. ஒன்று அகப்பட்டாலே 8,620, முழு எண்ணிக்கைக்குப் போய்விடும்; இரண்டென்றால் 8,240. "ஏற்கெனவே போட்டீர்களா?" என்ற கேள்வியைச் சொல்லிப் பழகுங்கள்.

கவுன்ட்டியிலிருந்து வாக்காளர் பட்டியலை வாங்கி, வாரம் ஒருமுறை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒப்பிடுங்கள். செல்லாதவை எத்தனை சதவீதம் என்று தெரிந்தால்தான் இன்னும் எவ்வளவு வேண்டும் என்று தெரியும். மனுவை ஒரே தவணையில் கொடுக்க வேண்டும். பிறகு சேர்க்க முடியாது.

பின்சேர்ப்பு: கிரீன் கார்டில் இருப்பவர் உதவலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கையெழுத்திட முடியாது, அது பதிவான வாக்காளருக்கு மட்டும். ஆனால் 18 வயது நிரம்பிய யாரும் கையெழுத்து வாங்கலாம்; அந்த நகரத்தில் வசிக்க வேண்டும் என்றுகூட இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதற்காகக் கூலி வாங்க வேண்டாம். கையெழுத்திட்டபின் மனம் மாறியவர், மனு தாக்கலாகும் நாளுக்கு முன்பே கிளார்க்கிடம் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். வாய்ச்சொல்லில் விலக முடியாது.