டயலாக் காணாமப் போகுதா, க்ராஷ் ஆகுதா? பாப்அப் வைக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடைக்கு எடை பதியுற ஆப் பண்ணிக் குடுத்திருந்தேன். விடியுறதுக்கு முன்னாடியே உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மல்லி மூட்டை மூட்டையா வந்து எறங்கும், மொட்டு விரியுறதுக்குள்ள வித்தாகணும்னு எல்லாரும் பறந்துக்கிட்டு இருப்பாங்க, அந்த நேரத்துல கணக்கப்பிள்ளை அண்ணன் தராசைப் பாத்து போன்ல எடையை அடிச்சதும் "12 கிலோ 400 கிராம், பதியவா?"ன்னு ஒரு பாப்அப் வரும், ஆமான்னு அமுக்குனா பதிஞ்சிரும். வேலை அவ்வளவுதான். ரெண்டாவது வாரம் அவரு போன் பண்ணுனாரு. "தம்பி, அந்தப் பொட்டி வந்துச்சு, நான் அமுக்குறதுக்குள்ள காணாமப் போச்சு, சரி பதிஞ்சிருச்சு போலன்னு அடுத்த மூட்டைக்குப் போயிட்டேன்"ன்னாரு. பதியல. அந்தப் பூவைக் கொண்டாந்த விவசாயி மதியம் வரைக்கும் தன் கணக்கு வராம அங்கனயே உக்காந்திருந்தாரு.

ஆப் க்ராஷ் ஆகல. ரிப்போர்ட் எதுவும் வரல. போன் கையில சாஞ்சப்ப ஸ்கிரீன் திரும்பியிருக்கு, டயலாக் போயிருச்சு, நடந்தது இதான். அதுக்கப்புறம் பாப்அப்புல வர்ற கோளாறுகளை ஒன்னொன்னா நோண்டிப் பாத்ததுல எனக்குப் புரிஞ்சது, முக்காவாசிப் பிரச்சினைக்கு வேர் ஒன்னுதான்: டயலாக் தனியா நிக்குற சாமான் இல்ல, அதுக்குக் கீழ ஒரு ஸ்கிரீன் உயிரோட இருக்கணும். ஆண்ட்ராய்டுல டயலாக் ஒரு தனி விண்டோ, அதைத் தெறக்க ஆக்டிவிட்டியோட (ஆப்போட ஒரு ஸ்கிரீன்) விண்டோ டோக்கன், அதாவது சிஸ்டம் தர்ற அனுமதிச் சீட்டு வேணும். ஆக்டிவிட்டி போயிருச்சுன்னா டோக்கனும் செல்லாது. இது மனசுல நின்னுச்சுன்னா கீழ சொல்ற பாதித் தப்பை நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க.

முதல்ல என் தப்புலருந்தே வாரேன். ஆக்டிவிட்டிக்குள்ள நேரடியா அலர்ட்டயலாக் பில்டரை வச்சு ஷோ பண்ணிட்டு விட்டுட்டேன். போன் திரும்புனா ஆண்ட்ராய்டு அந்த ஆக்டிவிட்டியை அழிச்சுட்டுப் புதுசா ஒன்னு கட்டும், ஆனா நீங்க கையால தெறந்த டயலாக்கைத் திரும்பக் கட்டாது. லாக்கேட்டை (ஆப் ஓடும்போது விழுற குறிப்பைக் காட்டுற எடம்) தெறந்து பாத்தா "ஆக்டிவிட்டி ஹேஸ் லீக்ட் விண்டோ"ன்னு ஒரு செவப்பு வரி மட்டும் கெடக்கும், ஆப் பாட்டுக்கு ஓடும், அதனாலதான் நெறையப் பேரு இதைக் கண்டுக்கவே மாட்டாங்க. இதுக்குத்தான் 2011ல ஆண்ட்ராய்டு 3.0லயே டயலாக்ஃப்ராக்மென்ட் (டயலாக்கைச் சுமக்குற ஸ்கிரீன் துண்டு) கொண்டாந்தாங்க, ஸ்கிரீன் திரும்புனாலும் ஃப்ராக்மென்ட் மேனேஜர் அதைத் திரும்ப எழுப்பிக் காட்டும்.

சில பேரு என்ன பண்றாங்கன்னா, மேனிஃபெஸ்ட்ல (ஆப்போட அமைப்பு ஃபைல்) ஸ்கிரீன் திரும்பக்கூடாதுன்னு போர்ட்ரெய்ட்ல பூட்டிட்டு முடிஞ்சதுன்னு நெனச்சிர்றாங்க. முடியல. டார்க் மோடு மாறுனா, எழுத்து சைஸ மாத்துனா, மொழிய மாத்துனா, ஸ்பிளிட் ஸ்கிரீன் போட்டா, எல்லாத்துக்கும் ஆக்டிவிட்டி திரும்பப் பொறக்கத்தான் செய்யும், பத்தாததுக்கு ஆண்ட்ராய்டு 16ஐ டார்கெட் பண்ணுற ஆப்ல 600 டிபிக்கு (ஸ்கிரீன் அளவைச் சொல்ற அலகு) மேல இருக்குற பெரிய ஸ்கிரீன்ல அந்தப் பூட்டையே சிஸ்டம் மதிக்காது. நோயை விட்டுட்டு போர்வைய மாத்துற வேலை இது.

டயலாக்ஃப்ராக்மென்ட்டுக்கு மாறிட்டேன், இப்பயும் க்ராஷ் ஆகுதேன்னு கேப்பீங்க. அதுல மூணு எடத்துல கால் தடுக்கும். கன்ஸ்ட்ரக்டர்ல (டயலாக்கை உருவாக்குற கோடு) எடை, விவசாயி பேருன்னு அள்ளி அனுப்பாதீங்க. சிஸ்டம் அதைத் திரும்பக் கட்டும்போது வெறும் கன்ஸ்ட்ரக்டரைத்தான் கூப்பிடும், அதனால தகவலை ஆர்க்யூமென்ட்ஸ் பண்டில்ல (சிஸ்டம் வச்சிருந்து திரும்பக் குடுக்குற பை) போடுங்க. அடுத்தது, ஓகே அமுக்குனா என்ன பண்ணணும்ங்கிற லாம்ப்டாவை வேரியபிளா உள்ள குடுக்குறது. திரும்பப் பொறந்த டயலாக்குக்கு அந்த லாம்ப்டா தெரியாது, பட்டனை அமுக்குனா ஒன்னுமே நடக்காது, இல்லன்னா செத்துப்போன பழைய ஸ்கிரீனுக்குப் பதில் போகும். ஃப்ராக்மென்ட் ரிசல்ட் ஏபிஐ இருக்கு, இல்ல ஸ்கிரீனுக்கும் டயலாக்குக்கும் பொதுவா ஒரு வியூமாடல் (போன் திரும்புனாலும் தகவலை வச்சிருக்குற எடம்) வைங்க. மூணாவதுதான் ரொம்ப முக்கியம். நெட்வொர்க் பதில் வர்றதுக்குள்ள ஆளு ஹோம் பட்டனை அமுக்கிட்டுப் போயிருப்பாரு, பதில் வந்ததும் நீங்க டயலாக்கைக் காட்டப் பாப்பீங்க, "கேன் நாட் பெர்ஃபார்ம் திஸ் ஆக்ஷன் ஆஃப்டர் ஆன்சேவ்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட்"னு இல்லீகல்ஸ்டேட் எக்ஸெப்ஷன் வந்து விழும்.

இதுக்குத் தேடுனா மொதல்ல வர்ற மருந்து கமிட்அலோயிங்ஸ்டேட்லாஸ். அதைப் போட்டா க்ராஷ் நிக்கும், நெசந்தான். ஆனா டயலாக் சத்தமில்லாம தொலஞ்சு போகலாம், எங்க ஆப்ல தொலஞ்ச மாதிரியே. காசு சம்பந்தப்பட்ட கேள்வின்னா இதைத் தொடவே தொடாதீங்க. "இந்த எடை இன்னும் உறுதி பண்ணல"ங்கிறதை ஒரு ஸ்டேட்டா வியூமாடலோட சேவ்ட்ஸ்டேட்ஹேண்டில்ல வச்சுக்கிட்டு (வெறும் வியூமாடல்னா ஹோம் போனப்ப சிஸ்டம் ஆக்டிவிட்டியை அழிச்சா அதுவும் போயிரும்), ஸ்கிரீன் ஸ்டார்ட்டட் நெலமைக்கு வந்தப்புறம் அந்த ஸ்டேட்டைப் பாத்து டயலாக்கைக் காட்டுங்க. ஆளு பதில் சொன்னப்புறம்தான் ஸ்டேட்டை அழிக்கணும். பாப்அப் வந்து போகும், கேள்வி நெலச்சு நிக்கணும். நான் இப்ப எழுதுற எல்லா ஆப்லயும் இப்படித்தான் வைக்கிறேன்.

பேட்டோக்கன் எக்ஸெப்ஷன் (டோக்கன் செல்லாதுன்னு வர்ற க்ராஷ்) அடிக்கடி வருதுன்னா மெசேஜை முழுசாப் படிங்க, ஏன்னா அதுல ரெண்டு வகை இருக்கு. "டோக்கன் நல் இஸ் நாட் வேலிட்"னு வந்தா பெரும்பாலும் நீங்க அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட்டை (ஒரு ஸ்கிரீனோட இல்லாம ஆப் மொத்தத்தோட சேந்தது) குடுத்து டயலாக் கட்டியிருக்கீங்கன்னு அர்த்தம், ஆக்டிவிட்டி கான்டெக்ஸ்ட்டைக் குடுங்க. பைண்டர்ப்ராக்ஸின்னு ஒரு பேரைச் சொல்லி "இஸ் யுவர் ஆக்டிவிட்டி ரன்னிங்"னு கேட்டா, முடிஞ்சுபோன ஆக்டிவிட்டி மேல காட்டுறீங்க. அதுக்கு இஸ்ஃபினிஷிங், இஸ்டெஸ்ட்ராய்ட்னு செக் வைக்கலாம், தப்பில்ல, ஆனா வேலையவே லைஃப்சைக்கிள் ஸ்கோப்ல ஓட விட்டா ஸ்கிரீன் போகும்போது அந்த வேலையும் கூடவே நின்னுரும். ட்ரை கேட்ச் போட்டு அமுக்குறது மட்டும் வேணாம்யா, அடுத்த வருசம் அந்தக் கோடை வேற யாராவது படிக்கணும்.

அடுத்து பட்டன். அலர்ட்டயலாக்ல பாசிட்டிவ் பட்டனை அமுக்குனா உங்க கோடு என்ன சொன்னாலும் டயலாக் மூடிக்கும். எடைக் கட்டம் காலியா இருக்கு, "எடை போடுங்க"ன்னு தப்பு காட்டப் போறீங்க, அதுக்குள்ள டயலாக்கே இருக்காது. பில்டர்ல லிசனர் எடத்துல நல் குடுத்துட்டு, ஷோ பண்ணுனப்புறம் கெட்பட்டன்ல பட்டனை எடுத்து அதுல கிளிக் லிசனர் வைங்க, அப்ப மூடுறது உங்க கையில. ஷோவுக்கு முன்னாடி கெட்பட்டன் நல்தான் தரும், டயலாக்ஃப்ராக்மென்ட்டா இருந்தா ஆன்ஸ்டார்ட்ல சூப்பரைக் கூப்பிட்டப்புறம் இதைப் பண்ணுங்க.

ஈரக் கை, அவசரம், ரெண்டு தட்டு. மார்க்கெட்ல இதுதான் தினப்படி. டயலாக்குக்கு வெளிய விரல் பட்டாலே மூடிக்கும், அதனால முக்கியமான கேள்வின்னா கேன்சலபிள் இல்லன்னு ஆக்கணும், ஆனா டயலாக்ஃப்ராக்மென்ட்ல அதை உள்ள இருக்குற டயலாக் மேல போட்டா எடுபடாது, ஃப்ராக்மென்ட் மேலதான் செட்கேன்சலபிள் போடணும். இதே மாதிரி கேன்சல் லிசனர், டிஸ்மிஸ் லிசனரும் உள்ள வைக்காதீங்க, ஆன்கேன்சல், ஆன்டிஸ்மிஸ்ஸ ஓவர்ரைடு பண்ணுங்க. ரெண்டு தட்டுல ரெண்டு டயலாக் ஒன்னுமேல ஒன்னு வர்றதைத் தடுக்க டேக் (டயலாக்குக்கு வச்ச பேரு) வச்சு ஏற்கனவே இருக்கான்னு தேடிப் பாப்பாங்க, ஆனா ஷோ உடனே வேலைய முடிக்காது, வரிசையில போட்டுட்டுத் திரும்பிரும், அந்த எடவெளியில ரெண்டாவது தட்டு உள்ள புகுந்திரும். ஷோநவ் போடுங்க, இல்ல மொதத் தட்டுலயே பட்டனை முடக்குங்க. எப்படி வச்சாலும் சர்வருக்கு ஒவ்வொரு எடைக்கும் ஒரு தனி ஐடி அனுப்பி, அதே ஐடி ரெண்டாவது தடவ வந்தா சேக்கக்கூடாதுன்னு வைங்க, ஸ்கிரீனை மட்டும் நம்பி கணக்கை விடமுடியாது.

சின்னதா ஒன்னு, செட்மெசேஜும் செட்ஐட்டம்ஸும் சேத்துப் போட்டுட்டு லிஸ்ட் வரலன்னு தேடாதீங்க, ரெண்டும் ஒரே எடத்துக்குப் போட்டி போடும்.

பாப்அப்விண்டோ (ஒரு வியூ பக்கத்துல மிதக்குற சின்னப் பொட்டி) வேற ஆளு. மல்லி, முல்லை, பிச்சின்னு ரகம் காட்ட அதை ஆன்க்ரியேட்லயே தெறந்தா பேட்டோக்கன்தான், வியூ இன்னும் விண்டோவுல ஒட்டியே இருக்காது. வியூ.போஸ்ட்டுக்குள்ள வைங்க. உள்ள டைப் பண்ற கட்டம் இருந்து கீபோர்டு வரலன்னா ஃபோகசபிள் ட்ரூ ஆகலன்னு அர்த்தம்.

ஃப்ளட்டர்ல (ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுக்கும் சேத்து ஆப் எழுதுற கருவி) எழுதுறவங்களுக்கும் கதை அதேதான், பேருதான் வேற. அவெய்ட் முடிஞ்சு வர்றப்ப அந்த ஸ்கிரீன் இருக்குமான்னு தெரியாது, கான்டெக்ஸ்ட்.மவுன்டட் பாத்துட்டு ஷோடயலாக் கூப்பிடுங்க. லோடிங் சுத்துற டயலாக்கை மூட நேவிகேட்டர்.பாப் போடுறோம்ல, ஆளு ஏற்கனவே பேக் அமுக்கி அதை மூடியிருந்தா உங்க பாப் கீழ இருக்குற ஸ்கிரீனையே மூடிரும். உள்ளுக்குள்ள இன்னொரு நேவிகேட்டர் இருந்தா இன்னும் மோசம், ஷோடயலாக் வழக்கமா ரூட் நேவிகேட்டர்ல தெறக்கும், பேஜோட கான்டெக்ஸ்ட்ல பாப் பண்ணுனா டயலாக் அங்கனயே நிக்கும், பேஜ் போயிரும். டயலாக் பில்டர் தர்ற கான்டெக்ஸ்ட்டை வச்சு மூடுங்க. டயலாக்குக்குள்ள டிக் அடிச்சா மாறலன்னா, வெளிய இருக்குற செட்ஸ்டேட் அங்கிட்டு எட்டாது, ஸ்டேட்ஃபுல்பில்டர் போட்டு உள்ள இருக்குற செட்ஸ்டேட்டைக் கூப்பிடுங்க. ஃப்ளட்டர் இல்லாம நேரடியா ஐஓஎஸ்ல எழுதுன ஆப்ல, ஐபோன்ல ஆக்ஷன் ஷீட் நல்லா வந்து ஐபேட்ல க்ராஷ் ஆனா, பாப்ஓவருக்கு சோர்ஸ் வியூ குடுக்கலன்னு பாருங்க, பெரும்பாலும் அதான்.

கோடு சரியா இருந்தும் ஆளுங்க தப்பா அமுக்குறாங்கன்னா தமிழைப் பாருங்க. "பதிவை ரத்து செய்யவா?"ன்னு கேட்டுட்டு கீழ "சரி", "ரத்து"ன்னு ரெண்டு பட்டன் வச்சிருந்தேன். ரத்துன்னா பதிவை ரத்து பண்ணவா, இந்தப் பொட்டிய ரத்து பண்ணவா? கணக்கப்பிள்ளை அண்ணன் கேட்டாரு, என்கிட்ட பதிலில்ல. இங்கிலீஷ் டயலாக்கை அப்படியே மொழிபெயர்த்து வச்சதுதான் காரணம். இப்ப "பதிவை அழி", "அப்படியே இருக்கட்டும்"னு இருக்கு. தமிழ் வார்த்தை நீளும், பட்டன் ஒன்னுகீழ ஒன்னா வரட்டும், உயரத்தை டிபில அடிச்சு வைக்காதீங்க, பெரிய எழுத்து வச்சிருக்குற போன்ல கொம்பும் சுழியும் வெட்டுப்பட்டு நிக்கும். நீங்களா வச்ச லேஅவுட்டுன்னா ஸ்க்ரோல் வைங்க, இல்லன்னா கீபோர்டு வந்ததும் பட்டன் கண்ணுலயே படாது.

டெஸ்ட் பண்ண எமுலேட்டர் முன்னாடி உக்காந்து ஒருதடவ ஓகே அமுக்கிட்டு எந்திரிச்சிராதீங்க. டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" ஆன் பண்ணுங்க, எழுத்தைப் பெருசாக்குங்க, டயலாக் தெறந்திருக்கும்போதே போனைத் திருப்புங்க, டார்க் மோடு மாத்துங்க, ஹோம் போய்த் திரும்ப வாங்க, கூடவே நெட்டை நிறுத்திப் பாருங்க. ஒவ்வொரு தடவயும் திரும்பி வந்தப்ப அந்த 12 கிலோ 400 கிராம் கேள்வி அப்படியே நிக்குதான்னு பாருங்க. புது வெர்ஷனைக் கொண்டுபோய்க் குடுத்த அன்னைக்கு அண்ணன் வேணும்னே டயலாக் மேல போனை அங்கிட்டும் இங்கிட்டும் சாச்சுப் பாத்துட்டுத்தான் மொத மூட்டைய தராசுல ஏத்தச் சொன்னாரு.