கிளமிடியா, கொனோரியா மரபணுப் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்கும் முறை

கிளமிடியா, கொனோரியா ஆகிய பால்வினைத் தொற்றுகளின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட், காசநோய்ப் பரிசோதனைக்குப் பயன்படும் அதே கருவிதான். மாதிரியை இட்டுக் கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜ் மட்டும் வேறு என்பதால், கருவி ஏற்கெனவே உள்ள இடங்களில் புதிதாக வாங்கும் செலவு மிச்சமாகும். முடிவு சுமார் 90 நிமிடங்களில் கிடைக்கும்.

ஆண்கள் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20 முதல் 30 மி.லி. சிறுநீரை மட்டும் குப்பியில் பிடிக்க வேண்டும். வேறு சிறுநீர்ப் பரிசோதனைகளில் பழகியவர்கள் நடுப்பகுதியைப் பிடித்துவிடுவதுண்டு. ஆனால் சிறுநீர்க்குழாயின் உட்சுவரைக் கழுவிக்கொண்டு வருவது அந்த முதல் பகுதியே. பெண்களுக்குச் சிறுநீரைவிட, தாமே எடுத்துத் தரக்கூடிய யோனிப் பஞ்சுக்குச்சி மாதிரி நம்பகமானது.

கிளமிடியாச் சிகிச்சை முடிந்து நான்கு வாரங்களுக்குள் மறுபடி சோதித்தால், இறந்த கிருமியின் மரபணுவே தொற்று இருப்பதாகக் காட்டிவிடக்கூடும். மறுதொற்றை அறிய ஏறத்தாழ 3 மாதங்கள் கழித்துச் சோதிக்க வேண்டும்.