“இன்னும் தவழலையா?” – முதல் வருடத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஒன்பது மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால், பந்தியில் உட்காருவதற்குள் நாலு பேராவது கேட்டுவிடுவார்கள்: “இன்னும் தவழலையா? எங்க பேத்தி எட்டாம் மாசமே நின்னுட்டா.” அந்தத் தாயின் முகம் சுருங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அன்று ராத்திரி தூங்காமல் செல்போனில் தேடுவாள். அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு வாக்கர் வந்துவிடும்.

குழந்தை தானாக வந்து சேரும் இடத்துக்கு அவசரப்பட்டுத் தள்ளுகிறோம். உடனே டாக்டரிடம் போக வேண்டிய விஷயத்துக்கோ “எல்லாம் தானா சரியாயிடும்” என்று உட்கார்ந்துவிடுகிறோம். இரண்டாவதுதான் பெரிய தவறு. ஆனால் முதலாவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளை மாதாமாதம் கவனித்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 4-ஆம் மாதத்துக்குச் சற்று முன்பிருந்து 9-ஆம் மாதம் தாண்டும் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். தனியாக நடப்பது 8 மாதத்திலும் வரலாம், பதினேழரை மாதத்திலும் வரலாம். நூற்றுக்கு நாலு குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டார்கள். அதனால் “தவழலையா” என்ற ஒரே கேள்வியை வைத்து ஒரு தாயைத் துளைப்பதில் அர்த்தமில்லை.

நம்முடைய பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்திக் குழந்தை ஆடுகிற பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி, அதாவது கை கொட்டுவது. ஒரு வயதையொட்டி வருகைப் பருவம், தளர்நடை போட்டு வருவது. குழந்தையைப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்திருந்தால் இப்படி வகுத்திருப்பார்கள் என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

செங்கீரை ஆட வேண்டுமானால் குழந்தைக்குத் தரை வேண்டும். இன்றைக்கு அதுதான் கிடைப்பதில்லை. தூளியிலிருந்து மடி, மடியிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து பவுன்சர் என்று நாள் முழுக்க ஏதோ ஒன்று அதைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்திலேயே இருக்க, பாயில் குப்புறப் படுக்க வைத்துப் பழக்குங்கள். தவழத் தொடங்காத குழந்தைக்கு ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது இது வேண்டும். ஒரேயடியாக வேண்டாம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் உங்கள் நெஞ்சின் மேலேயே படுக்க வைத்தாலும் போதும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான். கடுகுத் தலையணை உட்பட எந்தத் தலையணையும் முதல் வருடத்தில் தேவையில்லை.

வாக்கர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கனடா 2004-லேயே அதை விற்கக்கூடாது என்று தடை செய்துவிட்டது. அதில் உட்கார்ந்த குழந்தை கண்மூடித் திறப்பதற்குள் மாடிப்படி வரைக்கும் போய்விடும். எட்டாத இடத்தில் வைத்த சுடுதண்ணீர் எட்டிவிடும். அது நடையையும் கற்றுக்கொடுப்பதில்லை. உடம்பைத் துணி தாங்குகிறது, குழந்தை கால் நுனியால் உந்துகிறது, சமநிலை பழகுவதே இல்லை. நம் மர நடைவண்டி வேறு. அதைப் பிடித்து நிற்பதும் தள்ளுவதும் குழந்தையின் சொந்தக் கால் பலம். தானாகப் பிடித்து எழுந்து நிற்கிற குழந்தைக்கு, பெரியவர் கூடவே நடந்தால், அது நல்ல துணை.

குறைமாதக் குழந்தை இருக்கும் வீட்டில் மாதக் கணக்கையே மாற்றிப் போட வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முன்னதாக வந்திருக்கிறது. காலண்டர்படி அதற்கு ஆறு மாதம் ஆகும்போது, வளர்ச்சியைப் பொறுத்தவரை நாலு மாதம்தான். இரண்டு வயது வரை இப்படித்தான் கழித்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அது பிறந்த தேதிக் கணக்குப்படிதான்.

பேச்சு சீக்கிரம் வரட்டும், திருத்தமாக வரட்டும் என்று நாக்கில் வசம்பு உரசித் தடவுவதும், தேன் தொட்டு வைப்பதும் இன்னும் நடக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே திணறலாம். வசம்பில் இருக்கும் அசரோன் என்ற பொருளும் நல்லதல்ல. பேச்சு வருவது பேச்சைக் கேட்டுத்தான். குளிப்பாட்டும்போது பாட்டி “கை எங்கே, கால் எங்கே, தொப்பை எங்கே” என்று விடாமல் பேசுவாரே, அதுதான் மருந்து. ஒரு வயது வரை டிவியும் செல்போனும் வேண்டவே வேண்டாம், சோறு ஊட்டும்போதுகூட.

காது விஷயத்தில் வீட்டில் ஏமாந்துபோவது எளிது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் “ஊ… ஆ…” என்று குரல் கொடுக்கும். பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்து, திரும்பியதும் நிம்மதியாகிவிடுகிறோம். தரையின் அதிர்வுக்கோ நம் நிழலுக்கோகூடக் குழந்தை திரும்பும். பிறந்த மருத்துவமனையில் கருவி வைத்துக் காது பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் இப்போதாவது செய்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதம் போலத்தான் தாங்கும். அதற்குப் பிறகும் தண்ணிக் கஞ்சியும் பாலில் ஊறிய பிஸ்கட்டுமாகவே ஓட்டினால் மூளை வளர்ச்சிக்கே குறை. குழைத்த பருப்பு சாதம், கீரை, முட்டை, மீன் என்று கெட்டியாகக் கொடுங்கள்.

இனி, பொறுத்திருப்பதால் வரும் வினை. என் தங்கை மகன் ஏழாம் மாதத்திலேயே எதைக் கொடுத்தாலும் இடது கையால்தான் வாங்குவான். கிலுகிலுப்பையை வலது பக்கம் நீட்டினால், உடம்பையே திருப்பி இடது கையை நீட்டுவான். வலது கை பெரும்பாலும் மூடியே இருக்கும், கட்டை விரல் உள்ளே மடங்கி. “தாத்தாவும் இடது கைதானே, அவரு ஜாடை” என்று எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது, கிராம சுகாதார செவிலியர் அந்த வலது கையைப் பிடித்து விரல்களை மெல்ல விரித்துப் பார்த்தார். இரண்டாவது தடவையும் விரித்துப் பார்த்தார். “இத டாக்டர்கிட்ட காட்டும்மா, தள்ளிப்போடாத” என்றார். செரிப்ரல் பால்ஸி எனப்படும் மூளை முடக்குவாதத்தின் லேசான வடிவம் அது. பயிற்சி உடனே தொடங்கியது. இன்று அவன் பள்ளிக்கூடம் போகிறான், சட்டைப் பொத்தானை இரண்டு கையாலும் போடுகிறான், கொஞ்சம் நேரமெடுத்து. ஏழாம் மாதமே காட்டியிருக்கலாமே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் வயதுக்குள் ஒரு கையை மட்டுமே பயன்படுத்துவது இடது கைப் பழக்கம் அல்ல, வலது கைப் பழக்கமும் அல்ல. பயன்படுத்தாத அந்த மறு கையை டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்து மாதத்தில் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் உட்காரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். எந்த வயதானாலும், கற்றுக்கொண்ட ஒன்றைக் குழந்தை விட்டுவிட்டால் அன்றே போங்கள். “அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்” என்று மாமியார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அப்படி இருந்தாலும் காட்டிவிட்டு வருவதில் நஷ்டமில்லை.

தடுப்பூசிக்கு எடுத்துப் போகும் தாய் சேய் நல அட்டையிலேயே எந்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டிருக்கும். ஊசி தேதிக்கு மட்டும் திறந்து மூடாமல் அந்தப் பக்கத்தையும் பாருங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற மையம் இருக்கிறது. வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்ப்பதற்கென்றே உள்ள இடம், கட்டணம் இல்லை. வீட்டில் செய்வதை டாக்டர் முன்னால் குழந்தை செய்யாது, அதனால் இரண்டு நிமிட வீடியோ எடுத்துப் போங்கள். “கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்” என்று டாக்டர் சொன்னால், எத்தனை வாரம், அதற்குள் என்ன வர வேண்டும் என்று கேட்டு அந்தத் தேதியை அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.