வாக்களிப்பு இடத்தை மாற்றக் கேட்பது எப்படி: இங்கிலாந்துக் கவுன்சில் குழுவை அணுகுகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் உங்கள் தெருவில் இருப்பவர்கள் எந்தக் கட்டடத்துக்குப் போய் வாக்களிக்க வேண்டும் என்பதை உங்கள் உள்ளூர்க் கவுன்சில்தான் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் இந்த வேலை ஒரு சிறிய குழுவிடம் இருக்கும். சில கவுன்சில்களில் அதற்குப் பொது அலுவல்கள் குழு என்று பெயர். சிலவற்றில் தேர்தல் குழு. இன்னும் சிலவற்றில் ஆளுகைக் குழு. குப்பை, பார்க்கிங், புதிய அடுக்குமாடி என்றால் கூட்டத்துக்கு ஆட்கள் திரண்டு வருவார்கள். இந்தக் குழுவின் கூட்டத்தில் பொதுமக்களுக்கான நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். நம் ஆட்களை நான் அங்கே கண்டது மிக அரிது. அது எனக்கு வருத்தம் தருகிறது.

தேர்தல் நாட்களில் வாக்களிப்பு நிலையத்தில் எழுதுவினைஞராக வேலை செய்கிறவன் நான். காலை ஏழு மணி முதல் இரவு பத்து மணி வரை வாக்காளர் இடாப்பில் பெயரைப் பார்த்து வாக்குச்சீட்டைக் கொடுக்கும் மேசை என்னுடையது. "தம்பி, போன முறை பள்ளிக்கூடத்தில்தானே போட்டோம்? ஏன் இவ்வளவு தூரத்துக்கு மாற்றினார்கள்?" என்று மூச்சு வாங்கியபடி கேட்கும் ஓர் அம்மாவுக்கு அந்த நேரத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்காக யாராவது பேசியிருக்க வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது. குழுவின் முன் வைக்கும் அறிக்கையை அலுவலர்கள் எழுதத் தொடங்குவதற்கு முன் நம் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். கூட்டத்தன்று போய் உருக்கமாகப் பேசுவதைவிட அது பல மடங்கு பயன் தரும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். "நான் இன்னும் பிரித்தானியப் பிரஜை ஆகவில்லை, எனக்கு இதில் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் பொதுநலவாய நாடுகள். அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு இங்கே முறையான வதிவிட அனுமதியில் வாழ்கிறவர்கள் இடாப்பில் பதிந்துகொண்டால் உள்ளூராட்சித் தேர்தலிலும் வாக்களிக்கலாம், பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். 2023 மே மாத உள்ளூராட்சித் தேர்தல் முதல் இங்கிலாந்தில் கட்டாயமாகிவிட்ட புகைப்பட அடையாளத்துக்கும் அந்தக் கடவுச்சீட்டே போதும். முதியோருக்கான பஸ் பாஸையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே இது உங்கள் விஷயமும்தான்.

இனி, எதை யாரிடம் கேட்பது என்பதற்கு வருவோம். இங்கேதான் பலருடைய மனுக்கள் தவறான மேசைக்குப் போய்ச் சேருகின்றன. சட்டம் மூன்று விஷயங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. வட்டாரத்தைச் சிறு பிரிவுகளாக வெட்டுவது கவுன்சில். ஒவ்வொரு பிரிவுக்கும் எந்தக் கட்டடம் வாக்களிப்பு இடம் என்று குறிப்பதும் கவுன்சில். அந்தக் கட்டடத்துக்குள் எந்த அறையில், எத்தனை மேசையோடு நிலையம் அமைய வேண்டும் என்பதை முடிவு செய்பவர் தேர்தலை நடத்தும் பொறுப்புடைய தெரிவத்தாட்சி அலுவலர் (Returning Officer). அவர் பெரும்பாலும் கவுன்சிலின் தலைமை நிர்வாகியாகவே இருப்பார். ஆனால் தேர்தல் வேலையில் அவருக்குக் கவுன்சிலர்கள் கட்டளையிட முடியாது. எனவே "மண்டபம் தூரம், வேறு கட்டடம் வேண்டும்" என்றால் குழுவுக்கு எழுதுங்கள். "பின்பக்கக் கதவில் படி இருக்கிறது, முன்கதவைத் திறந்து வையுங்கள்" என்றால் தெரிவத்தாட்சி அலுவலரின் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. கவுன்சிலின் ஆளும் கட்சி நடத்தும் கபினெட் இந்த முடிவுகளை எடுக்க முடியாது. தேர்தல் சார்ந்த அதிகாரங்களைக் கபினெட்டின் கையில் கொடுக்கக்கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. அதனால்தான் அவை முழுக் கவுன்சிலிடமோ இத்தகைய குழுவிடமோ இருக்கின்றன. குழுவின் இருக்கைகள் கவுன்சிலில் ஒவ்வொரு கட்சிக்கும் உள்ள பலத்துக்கு ஏற்பப் பகிரப்படும். அது 1989ஆம் ஆண்டுச் சட்டம். ஆக, எதிர்க்கட்சி உறுப்பினரும் அங்கே இருப்பார். உங்கள் கடிதத்தின் பிரதியைத் தவிசாளருக்கும் எதிர்க்கட்சியின் முதன்மை உறுப்பினருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். ஒரு கட்சியின் கோரிக்கையாக அது தோன்றிவிட்டால் பாதி பலம் போய்விடும்.

காலக்கணக்கு மிக முக்கியம். ஒவ்வொரு கவுன்சிலும் தன் வாக்களிப்புப் பிரிவுகளையும் இடங்களையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை முழுமையாக மீளாய்வு செய்தே ஆகவேண்டும். ஐந்தாம் ஆண்டின் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கும் 16 மாதங்களுக்குள் அது முடிய வேண்டும். கடைசிச் சுற்று 2023 அக்டோபரில் தொடங்கி 2025 ஜனவரியில் முடிந்தது. அடுத்தது 2028 அக்டோபரில் தொடங்கும். அதுவரை காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடைக்காலத்தில் எந்த நேரத்திலும் ஒரு பிரிவை மட்டும் மீளாய்வு செய்யக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. ஒரு தேர்தல் முடிந்த சில வாரங்களே அதைக் கேட்க நல்ல நேரம். தேர்தல் அலுவலகம் அப்போதுதான் நிலைய அலுவலர்களிடமிருந்து குறைகளைத் திரட்டுகிறது.

கடிதம் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெற்றியும் தோல்வியும் இங்கேதான்.

"முதியவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஓர் அலுவலரால் ஒன்றும் செய்ய முடியாது. அதே வழியை நடந்து பாருங்கள். பிரிவின் தொலைவான மூலையிலிருந்து மண்டபத்துக்கு எத்தனை நிமிடம், வழியில் எந்தப் பெரிய வீதியைக் கடக்க வேண்டும், சிக்னல் இருக்கிறதா, ஏற்றம் எங்கே தொடங்குகிறது, நடைபாதையில் கார்கள் ஏறி நிற்கின்றனவா, பஸ் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைத்தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவரும் சக்கர நாற்காலியில் வருகிறவரும் எந்த வாசலால் நுழைவார்கள் என்று பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கும் ஒரு முறை போய்ப் பாருங்கள். மே மாதத் தொடக்கத்தில் அந்நேரம் இருட்டிவிடும், வாக்களிப்போ பத்து மணி வரை நடக்கும். படங்களை எடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள்.

அடுத்து, மாற்று இடம் ஒன்றைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். இதைச் செய்யாத மனுக்கள் அநேகமாக "பொருத்தமான வேறு கட்டடம் இல்லை" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். தேவாலய மண்டபமோ நூலகமோ சமூக நிலையமோ, அதன் பொறுப்பாளரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். தேர்தல் நடக்கும் வியாழக்கிழமை முழுநாளும், விடிகாலை தொடங்கி இரவு பத்தரை வரை தருவார்களா என்று கேளுங்கள். குறுகிய அவகாசத்தில் தருவார்களா என்பதையும் கேளுங்கள்: 2024இல் மே 22 அன்று அறிவித்த பொதுத்தேர்தல் ஜூலை 4 அன்று நடந்து முடிந்தது. அரசு நிதியில் இயங்கும் பள்ளிக்கூடமாக இருந்தால் ஓர் அறையை வாடகையின்றிப் பயன்படுத்தத் தெரிவத்தாட்சி அலுவலருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வெளிச்சம், வெப்பம் போன்ற செலவுகளை மட்டும் கொடுத்தால் போதும். ஆனாலும் வகுப்புகள் ஒரு நாள் கெடுவதைப் பெற்றோரும் அதிபரும் விரும்பமாட்டார்கள். அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். பள்ளியைக் கேட்பதானால் தனி வாசல் உள்ள மண்டபம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

மீளாய்வுக்கு வரும் கடிதங்களைக் கவுன்சில் பின்னர் வெளியிட வேண்டும். பக்கத்து வீட்டு ஐயாவின் நோய் விவரங்களை அதில் எழுதிவிடாதீர்கள். "நடக்க உதவும் சட்டகத்தோடு வருகிறவர்கள்" என்றால் போதும். தெரிவத்தாட்சி அலுவலரும் திட்டத்தின்மீது தன் கருத்தை எழுத வேண்டும். அது கிடைத்த 30 நாட்களுக்குள் வெளியாக வேண்டும். அதைத் தேடிப் படியுங்கள். அவருடைய கவலை இடவசதியா, கட்டடத்தின் நிச்சயமின்மையா என்று தெரிந்தால் உங்கள் அடுத்த கடிதம் அதற்குப் பதிலாக அமையும்.

பிறகு கூட்டம். நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் ஐந்து முழு வேலை நாட்களுக்கு முன் வெளியாக வேண்டும். வெளியிடும் நாளும் கூட்ட நாளும் கணக்கில் சேரா. புதன்கிழமை கூட்டம் என்றால் முந்திய வாரச் செவ்வாய்க்குள் தாள்கள் வந்திருக்க வேண்டும். அறிக்கையில் பரிந்துரை எது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் கடிதத்தைச் சரியாகச் சுருக்கியிருக்கிறார்களா என்று இணைப்பில் பாருங்கள். கூட்டத்தைப் பார்க்க உங்களுக்குச் சட்ட உரிமை உண்டு. 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஒலி, ஒளிப்பதிவும் செய்யலாம். பேசும் உரிமை மட்டும் ஒவ்வொரு கவுன்சிலின் யாப்புக்கு, அதாவது அதன் உள்விதிகளுக்கு, ஏற்ப மாறும். பெரும்பாலும் மூன்று நிமிடம்தான், அதற்கும் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். கூட்டங்களைக் கவனிக்கும் கவுன்சிலின் ஜனநாயக சேவைகள் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். உறுப்பினர்கள் அறிக்கையைப் படித்துவிட்டு வந்திருப்பார்கள். நீங்கள் அதையே திரும்பச் சொல்லாமல், பரிந்துரையில் எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். திருத்தம் ஒன்றைப் பிரேரிக்க உறுப்பினர் ஒருவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

குழு ஒப்புக்கொள்ளாமல் போனால் தேர்தல் ஆணைக்குழு இருக்கிறது. குறைந்தது 30 வாக்காளர்கள் சேர்ந்து அதற்கு முறையிடலாம். வாக்காளர்களின் நியாயமான தேவைகளை மீளாய்வு நிறைவேற்றவில்லை, அல்லது மாற்றுத்திறனாளிகள் நுழைந்து வாக்களிப்பதை அது கருத்தில் எடுக்கவில்லை என்பவைதான் ஏற்கப்படும் காரணங்கள். பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது. நீங்கள் எடுத்த அளவுகளும் படங்களும் இங்கேயும் உதவும்.

அதே குழுவிடம் வேறு வேலைகளும் வரும். வட்டார எல்லைகளை மாற்றுவது சுயாதீனமான எல்லை ஆணைக்குழுவின் பொறுப்பு என்றாலும், எத்தனை கவுன்சிலர்கள் வேண்டும் என்ற கவுன்சிலின் ஆரம்ப யோசனை பெரும்பாலும் இந்தக் குழுவில்தான் உருவாகும். வட்டாரங்களில் 30 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் ஒரு கவுன்சிலருக்கான வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் மீளாய்வுக்கு இடமுண்டு. ஒரே வட்டாரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் விலகினாலும் அப்படியே. அந்த மீளாய்வில் "எங்கள் ஆட்கள் இங்கே நிறைய" என்பது வாதம் ஆகாது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே கடைத்தெரு, ஒரே மருத்துவர், ஒரே பஸ் வழி என்று மக்கள் அன்றாடம் எங்கே சேர்கிறார்கள் என்பதைக் காட்டினால் செவிமடுப்பார்கள்.

ஓர் ஊர் அல்லது சுற்றுப்புற அளவில் இயங்கும் சிறிய கவுன்சிலான பாரிஷ் கவுன்சில் ஒன்றை உருவாக்கக் கேட்டும் மனுக் கொடுக்கலாம். 2,500க்கு மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள பகுதியில் 7.5 விழுக்காட்டினர் கையெழுத்திட்டால் கவுன்சில் மீளாய்வு செய்தே ஆகவேண்டும், 12 மாதங்களுக்குள் முடிக்கவும் வேண்டும். லண்டனில் இப்படி முயன்று வென்றவர்கள் குவீன்ஸ் பார்க் மக்கள். அங்கே முதல் தேர்தல் 2014 மே மாதம் நடந்தது. பாரிஷ் கவுன்சிலர் இடம் வெற்றிடமானால் 14 வேலை நாட்களுக்குள் பத்து வாக்காளர்கள் எழுத்தில் கேட்டால் தேர்தல், இல்லாவிட்டால் மீதி உறுப்பினர்களே ஒருவரை நியமித்துக்கொள்வார்கள். அறிவித்தல் பலகையைப் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடமாட்டார்கள்.

கடைசியாக, செலவு குறைந்த ஒரு கோரிக்கை. வாக்குச்சீட்டு ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் எப்படி வாக்களிப்பது என்ற அறிவித்தலை வேறு மொழிகளில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. தமிழர் செறிந்து வாழும் பிரிவில் இருந்தால், எந்த நிலையத்துக்கு என்று பெயர் குறித்து, தமிழ் அறிவித்தல் வேண்டும் என்று தேர்தல் அலுவலகத்துக்கு எழுதுங்கள். தேர்தல் நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே எழுதுங்கள். அச்சுக்குப் போன பிறகு அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.